அவங்க ஆளுங்க

பழைய துறைமுகத்து மீன்கடைகளில் கிஸ்லேன் பலோம்பாவின் முகம் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் போதும். "அரை கிலோ மத்தி குடுங்க, தலைய எடுத்துடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துக் கடைக்காரிகூடத் திரும்பிப் பார்ப்பாள். மர்சேய் நகரத்தில் மதியச் சமையல் நடக்கிற வீடுகளிலெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒலிக்கும் குரல் அது. நேயர்கள் போன் செய்து பேசும் மதிய நிகழ்ச்சியைப் பல வருடங்களாக அவள்தான் நடத்தி வந்தாள். குப்பை வண்டி வராததிலிருந்து மருமகள் பேசாதது வரை ஊரின் குறைகள் எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயாக வேண்டும்.

அன்றைக்கும் மீன்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"குரலக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. கிஸ்லேன்தானே? என் புருஷன் செத்துப்போன வருஷம் உங்க குரல்தாங்க எனக்கு வீட்ல துணை."

கிஸ்லேன் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டாள். இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பழக்கம். ஆனாலும் அலுத்ததில்லை.

"இனிமே எங்களுக்கு ரெண்டு வேளையும் கொண்டாட்டந்தான்," என்றாள் மீன்காரி, மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே. "காலைல கரீன், மத்தியானம் நீங்க. காலை நிகழ்ச்சிய அந்தப் பொண்ணுக்கே குடுத்துட்டாங்களாமே? நேத்து ரேடியோல சொன்னாங்க. மலைல தீப்பிடிச்ச அன்னிக்கு என்னமாப் பேசுச்சு! எந்த ரோடு அடைச்சிருக்கு, எந்த ரோடு திறந்திருக்குன்னு அது சொல்லலைன்னா என் தங்கச்சி வீட்ட விட்டே வெளிய வந்திருக்க மாட்டா."

கிஸ்லேன் மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நேற்று அவளுக்கு விடுமுறை. பல் வைத்தியரிடம் போய் வாய் மரத்துப்போய், போனை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாள். மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்தாள். மீன்காரி பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

காலை நிகழ்ச்சி என்றால் சும்மா இல்லை. ஊரே காரிலும் குளியலறையிலும் காபிக் கடையிலும் கேட்கும் நேரம் அது. அதை நடத்திய பழைய அறிவிப்பாளர் வசந்த காலத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நாற்காலி தனக்குத்தான் என்று கிஸ்லேன் முடிவே செய்திருந்தாள். அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. அதிகாலையில் எழும் பழக்கம் வேண்டும் என்று கோடை முழுக்க விடியலில் எழுந்து பழகியும் ஆகிவிட்டது.

நிலைய இயக்குநர் ப்ரூனோ தன் அறையில் ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"மீன்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள் கிஸ்லேன்.

"திரும்பத் திரும்ப போன் பண்ணேன். நீ எடுக்கல."

"ஏன் அவ? நான் கூட்டிட்டு வந்த பொண்ணு அவ. போக்குவரத்துச் செய்தி வாசிக்க வந்தவ."

ப்ரூனோ ரொட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். அவன் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை.

"உன் குரல் மாதிரி இந்த ஊர்ல குரல் இல்ல கிஸ்லேன். ஆனா நேயர் பேச ஆரம்பிச்சா நீ அவங்க வாயிலருந்து பிடுங்கி நீயே பேசிடுற. அவ கேக்குறா. தீப்பிடிச்ச அன்னிக்கு ஒருத்தர் அழுதுக்கிட்டே பேசினாரே, அவரை முழுசாப் பேச விட்டா. எங்கே நிக்கிறார், புகை எந்தப் பக்கம் போகுதுன்னு மெதுவாக் கேட்டு வாங்கினா. நீயா இருந்தா அவருக்கு ஆறுதல் சொல்லியே நேரத்தைப் போக்கியிருப்ப. கோவிச்சுக்காத."

கிஸ்லேன் கோபித்துக்கொள்ளவில்லை. சொன்னது உண்மை என்பதுதான் உள்ளே எரிந்தது. தீப்பிடித்த அன்று அவள் கோர்சிக்கா தீவில் விடுமுறையில் இருந்தாள். கடற்கரையில் உட்கார்ந்து போனில் கரீனின் குரலைக் கேட்டாள். ஊர் எரிகிறதே என்று பதறியது. கூடவே, இந்த நேரத்தில் நான் அங்கே இல்லையே, இவள் இருக்கிறாளே என்றும் பதறியது. இரண்டில் எது பெரிய பதற்றம் என்று அவள் அன்றைக்குத் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கரீன் ஷெம்லாவே அவளைத் தேடி வந்தாள். ஒடுங்கிய முகம், எப்போதும் கலைந்திருக்கும் சுருட்டை முடி. யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலைகள் பலவற்றில் கிஸ்லேன் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் கணவன் கபியின் பாட்டைக் கேட்டு, துனீசியக் கறி உருண்டைகளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். அவர்கள் மகள் நோவாவுக்குச் சைக்கிள் பழக்கியதே கிஸ்லேன்தான்.

"உனக்கு வருத்தமா?" என்றாள் கரீன். "ஒளிக்காமச் சொல்லு."

"சே, எனக்கென்ன வருத்தம்! நான் கொண்டுவந்த பொண்ணாச்சே நீ!" என்று கட்டிக்கொண்டாள் கிஸ்லேன். கரீனின் தோளுக்கு மேலே, ஸ்டுடியோக் கதவில் புதிதாக ஒட்டியிருந்த பெயர் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவளுக்கு வேறு வேலையே ஓடவில்லை. கரீனின் படம் பஸ்களில் வந்தது. டிராம் நிறுத்தத்தில் நின்று அந்தப் படத்தைத் தலை முதல் தாடை வரை பார்த்தாள். பல் கொஞ்சம் கோணல் என்று கண்டுபிடித்ததில் ஒரு நிம்மதி. தினமும் காலை நிகழ்ச்சியைக் கேட்டாள். கரீன் ஒரு தெருப் பெயரைத் தப்பாகச் சொன்னால் நாக்கில் சர்க்கரை வைத்தது போல் இருக்கும். ஒரு நேயரோடு அவள் அழகாகச் சிரித்துப் பேசினால் ரேடியோவை அணைத்துவிடுவாள். காபி ஆறுவதற்குள் மறுபடி போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஜினோ வீட்டில் சாப்பாடு. ஜினோ டாக்ஸி ஓட்டுபவன். பயணிகள் சொல்வதையும் போனில் படிப்பதையும் கலந்து உலகத்துக்கே விளக்கம் வைத்திருப்பான்.

"உங்க ரேடியோல பங்கு வாங்கின புது ஆளு யாரு?" என்றான், சிப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"சர்ஃபாத்தின்னு ஒருத்தர். குளியலறை ஓடு விக்கிறவர்."

"சர்ஃபாத்தி. காலை நிகழ்ச்சி யாருக்கு? ஷெம்லா. இதுக்கு மேல படம் போட்டு விளக்கணுமா?"

"சும்மா இருண்ணே. அவருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மனுஷன் எங்க படிக்கட்டக்கூட மிதிச்சதில்ல."

"சம்பந்தமே வேணாம்டி. யூதங்க அப்படித்தான். அவங்க ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தூக்கி விட்டுக்குவாங்க. நான் திட்டல, பாராட்டறேன். நமக்குத்தான் அந்த ஒத்துமை இல்ல."

"வாய மூடிட்டுச் சாப்பிடு," என்றாள் கிஸ்லேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் அவளோடு வந்திருந்தது. சர்ஃபாத்தி பங்கு வாங்கியது கரீனைத் தேர்ந்தெடுத்த பின்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். தேர்ந்தெடுத்தது ப்ரூனோ ஒருவன் மட்டுமே என்றும் தெரியும். தெரிந்தும் அந்த விளக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. கரீன் நன்றாகச் செய்ததால் ஜெயித்தாள் என்றால், கிஸ்லேன் தோற்றவள். கரீனை அவள் ஆட்கள் தூக்கிவிட்டார்கள் என்றால், கிஸ்லேன் ஏமாற்றப்பட்டவள். தோற்றவளாக இருப்பதைவிட ஏமாற்றப்பட்டவளாக இருப்பது எவ்வளவோ சுகமாக இருந்தது.

அந்த வாரமே, மதிய நிகழ்ச்சியில் ரோலான் என்ற ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர் போன் செய்தார். வழக்கமான நேயர். நடைபாதையில் நிறுத்தும் ஸ்கூட்டர்களைத் திட்டிவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கிஸ்லேன், ஒண்ணு கேக்கட்டுமா? காலை நிகழ்ச்சி நியாயப்படி உங்களுக்குத்தானே வந்திருக்கணும்?"

வேறு எத்தனையோ பதில்கள் இருந்தன. "கரீன் நல்லாப் பண்றா, கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போயிருக்கலாம்.

"அதுக்கெல்லாம் சரியான வீட்ல பொறக்கணும் ஐயா," என்றாள் கிஸ்லேன், தேன் குரலில். "எனக்கு அந்த மாதிரி ஒறமுறை இல்லையே."

"ஓஹோ… புரியுது, புரியுது. அவங்க ஆளுங்க. பேரச் சொல்லவே வேணாம்."

கிஸ்லேன் சிரித்தாள். ஊருக்கெல்லாம் பிடித்த அந்தத் தொண்டைச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் தண்ணீர் குடிப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் துண்டை யாரோ வெட்டி, ஊர்வம்பு பேசும் ஒரு முகநூல் பக்கத்தில் போட்டார்கள். "தைரியமாச் சொன்ன ஒரே ஆள்" என்று மேலே எழுதியிருந்தது. கீழே வந்த கருத்துகளில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். ரேடியோ அவர்கள் கையில், வங்கி அவர்கள் கையில் என்று ஆரம்பித்து, தூரதேசத்து யூத நாடு நடத்தும் போரின் பிணங்களுக்கெல்லாம் கரீனிடம் கணக்குக் கேட்டார்கள். மர்சேயின் அரசு மருத்துவமனையில் பிறந்து, மர்சேய் கால்பந்து அணி தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறவள் அவள்.

காலை நிகழ்ச்சிக்கு ஒருவன் சாலை நெரிசல் பற்றிப் பேசுவதாகச் சொல்லிப் போனில் வந்தான். வந்ததும், "நீ எப்ப உன் ஊருக்குப் போகப் போற?" என்றான்.

"என் ஊர்லதான் இருக்கேன் ஐயா," என்றாள் கரீன். "நீங்க வேலைக்குப் போகணும்னா சுரங்கப்பாதை வேணாம், கடலோரமாப் போங்க. அங்க நெரிசல் கம்மி."

குரல் ஆடவில்லை. அடுத்த அழைப்பை எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் சிவப்புச் சாயத்தில் அவள் பெயரும் அதன் பக்கத்தில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரமும் கீழே 'வெளியே போ' என்ற வார்த்தைகளும் இருந்தன. போலீஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. கபி ஒரு சின்னத் திருப்புளியோடு கீழே இறங்கி, தபால் பெட்டியிலிருந்து பெயர்த் தகட்டைக் கழற்றினான். பதினாறு வயது நோவா பள்ளிப் பையோடு அங்கேயே நின்றாள்.

"எதுக்குப்பா எடுக்கற?"

"தபால்காரருக்கு நம்மளத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்."

"சாப்பாடு ஆர்டர் பண்ணா துய்போன்னு வேற பேர் போடற. டாக்ஸி கூப்பிட்டா மார்த்தேன். நமக்கு மொத்தம் எத்தன பேருப்பா?"

"உசுரோட இருக்கற வரைக்கும் எத்தன வேணாலும் வச்சுக்கலாம். பஸ் வந்துரும், கிளம்பு."

கரீன் மகளின் கழுத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் பரிசாக வந்த வெள்ளி நட்சத்திரம் சட்டைக்கு மேலே தொங்கியது.

"அத உள்ள போட்டுக்கடா."

"ஊருக்கே ரேடியோல தைரியம் சொல்ற. எனக்கு மட்டும் சட்டைக்குள்ள போடச் சொல்றியாம்மா?"

நோவா நட்சத்திரத்தை உள்ளே போடவில்லை.

செய்தி வெளியே தெரிந்ததும் நிலையத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் இமாம் வந்து கரீனின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பாதிரியார் வந்தார். நகராட்சியிலிருந்து வந்தார்கள். துறைமுகத்து மீன்காரிகள் சேர்ந்து ஒரு கூடை நிறையச் சாமந்தி அனுப்பினார்கள். வரவேற்பு மேஜையில் பூ வைக்க இடம் போதவில்லை.

கிஸ்லேனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. எங்கப்பா செத்தப்போகூட இத்தனை பூ வரலையே என்று ஒரு நினைப்பு வந்து போனது. சுவரில் யாரோ கிறுக்கினதுக்கு ஊரே இவள் காலடியில் விழுகிறது. காலை நிகழ்ச்சி போதாதென்று இதுவும் இவளுக்குத்தானா? நினைத்த பிறகுதான் தான் நினைத்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஒருத்தி வீட்டுச் சுவரில் 'வெளியே போ' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? அவளால் முடிந்திருந்தது. 'நாங்கள் கரீனோடு' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டபோது அவளும் முன்வரிசையில் போய் நின்றாள்.

படம் முடிந்ததும் கரீன் அவளை நிலையத்தின் சின்னச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்தத் துண்டக் கேட்டேன்."

"அது ஒரு விளையாட்டுப் பேச்சு கரீன். யூதர்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னா திரும்பக் கேட்டுப் பாரு."

"பல தடவை கேட்டேன். நீ சொல்லல. அவரும் சொல்லல. ஆனா ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்சுது, இல்ல? அதுதான் எனக்குப் பயம். நீ சொன்னதவிட அந்தச் சிரிப்பு இருக்கே… அந்தச் சிரிப்போடதான் நீ என் வீட்ல உக்காந்து சாப்பிட்ட."

"நான் சுவத்துல எழுதல!"

"நீ எழுதல. எழுதினவன் கையில சாயத்த யார் குடுத்தது?"

"இப்ப என்ன, எல்லாப் பழியும் என் மேலயா? உனக்குக் காலை நிகழ்ச்சி வந்துச்சு, பூ வந்துச்சு, மேயர் ஆபீஸ் வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு?"

கரீன் அவளைப் பார்த்தாள். யாரோ ஒரு புது ஆளைப் பார்ப்பது போல. பிறகு கதவைத் திறந்து வெளியே போனாள்.

அடுத்த வாரம் நோவா பள்ளியிலிருந்து திரும்பும்போது இரண்டு பேர் டிராமிலேயே அவளைத் தொடர்ந்து வந்தார்கள். "ரேடியோக்காரி பொண்ணுதானே நீ?" என்று கேட்டார்கள். இறங்கும் இடத்தில் ஒருவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்து அறுத்தான். டிராம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் மட்டும் எழுந்து கத்தினாள். நோவா கழுத்தில் சிவந்த கோட்டோடு வீடு வந்து சேர்ந்தாள். அழவில்லை.

மறுநாள் கரீன் ப்ரூனோவிடம் தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள்.

"என் பேர் ரேடியோல வர்ற வரைக்கும் என் பொண்ணு தெருவுல நடக்க முடியாது."

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்க. போலீஸ் காவல் போடச் சொல்றேன்."

"காவலோட போக்குவரத்துச் செய்தி சொல்றதுக்கா நான் இந்த வேலைக்கு வந்தேன்?"

ப்ரூனோ என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் இறங்கிப் போய்விட்டாள். காலை நிகழ்ச்சியை நிறுத்த முடியாது. அன்று மாலை அவன் கிஸ்லேன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "திங்கக்கிழமைலருந்து நீ பாத்துக்க."

திங்கட்கிழமை கிஸ்லேன் இருட்டு விலகும்போதே வந்துவிட்டாள். தலைமுடி திருத்தியிருந்தாள், ரேடியோவில் தெரியாது என்றாலும். கதவில் கரீனின் பெயரைக் கிழித்த இடத்தில் பசைத் தடம் இருந்தது. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆசைப்பட்ட இடம், ஆசைப்பட்ட நேரம். "மர்சேய், எழுந்தாச்சா?" என்றாள். குரல் நன்றாகவே இருந்தது.

முதல் அழைப்பு ஒரு பெண்.

"கிஸ்லேன்! கடைசில நம்ம ஆளு வந்தாச்சு! இப்பத்தான் காதுக்குச் சுத்தமா இருக்கு."

கிஸ்லேன் நன்றி சொன்னாள். 'சுத்தமா' என்ற சொல் உறுத்தியது. அடுத்தது ஒரு வாலிபன்: "வாழ்த்துகள் அக்கா. நீங்க அன்னிக்குச் சொன்ன ஒரு வார்த்தைலதான் எங்க கண்ணு திறந்துச்சு." அடுத்தது வேறொருவர்: "ஒருத்திய விரட்டியாச்சு, இன்னும் பாக்கி இருக்காங்க." எல்லோர் குரலிலும் அன்பு. அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணைப் போல் கொஞ்சினார்கள். கிஸ்லேன் பாட்டு போட்டாள். வானிலை வாசித்தாள். ஹெட்போனுக்குள் காது வியர்த்தது.

பிறகு ஓர் ஆண் குரல். நிதானமாக, மரியாதையாக.

"மேடம், உங்க நிகழ்ச்சிக்கு நான் ரசிகன். அந்த ஷெம்லா குடும்பம் எங்க இருக்குன்னு நெறையப் பேர் கேக்கறாங்க. நான் அந்தப் பக்கம்தான் பார்சல் குடுக்கறேன். பேரத் தபால் பெட்டிலருந்து எடுத்துட்டாங்க, ஆனா எனக்குத் தெரியும். எழுதிக்கோங்க, தெருவோட பேரு…"

கிஸ்லேன் இணைப்பைத் துண்டித்தாள். பொத்தானை அழுத்திய விரல் அங்கேயே நின்றது. சைக்கிள் பழகும்போது விழுந்து எழுந்து, "விட்றாதீங்க ஆன்ட்டி" என்று கத்திய நோவா அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். இந்நேரம் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அல்லது கிளம்பப் பயந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒலிப்பதிவாளன் பாட்டுக்குக் கை நீட்டினான். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"இப்பப் பேசினவருக்கு நான் சிரிக்கல," என்றாள். "முன்னாடி ஒரு நாள் சிரிச்சேன். அதனாலதான் அவரு என்னை நம்பிப் பேசறாரு.

"எல்லாரும் கேளுங்க. கரீன் ஷெம்லாவுக்குக் காலை நிகழ்ச்சிய யாரும் தூக்கிக் குடுக்கல. இங்க பங்கு வாங்கினவருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவரு வந்ததே அப்புறந்தான். அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் அப்படிப் பேசினேன். அவ என்னைவிட நல்லாப் பண்ணா. அதை என்னால தாங்க முடியல. எனக்குப் பொறாமை. இந்த ஒரு வார்த்தையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'அவங்க ஆளுங்க'ன்னு பேசறதுக்கு வெக்கமா இல்ல. அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்.

"எனக்கு வாழ்த்து சொன்னீங்களே, அத்தனை பேரும் திருப்பி எடுத்துக்கோங்க. எனக்கு வேணாம்."

கண்ணாடிக்குப் பின்னால் ப்ரூனோ வந்து நின்றிருந்தான். மைக்கை அணைக்கச் சொல்லவில்லை. அழைப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னின. பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள், சிலர் விலை போய்விட்டாய் என்றார்கள். அண்ணன் ஜினோ அவள் கைபேசிக்கே கூப்பிட்டான்.

"பைத்தியமாடி உனக்கு? ஊர் முன்னாடி நம்ம மானத்த வாங்கிட்டியே!"

"நம்ம மானம் போகலண்ணே. என் மானம்தான். தப்பான ஆளுங்க குடுத்த பாராட்ட வாங்கி வச்சிருந்தேன், இப்பத் திருப்பிக் குடுத்துட்டேன்," என்று சொல்லி வைத்தாள்.

முகவரியைச் சொல்ல வந்தவனின் எண்ணை ப்ரூனோ போலீசிடம் கொடுத்தான். நிலையத்தின் பெயரில் கரீனிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் எப்போது வந்தாலும் அந்த நேரம் அவளுடையதுதான் என்று அறிவித்தான். கிஸ்லேனை மதிய நிகழ்ச்சியிலிருந்தும் ஒரு மாதம் நிறுத்திவைத்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கிஸ்லேன் கரீன் வீட்டு மணியை அழுத்தினாள். சுவரில் வெள்ளை அடித்திருந்தார்கள். அடியில் சிவப்பு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. கரீன் கதவைத் திறந்தாள். கையில் மாவு. உள்ளே வரச் சொல்லவில்லை. தானே வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"கேட்டேன்," என்றாள். "நோவாவும் கேட்டா."

"என்னை மன்னிச்சுடு கரீன்."

"அது இன்னிக்கு முடியாது. என்னிக்காவது முடியுமான்னும் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

கிஸ்லேன் தலையாட்டினாள்.

"திங்கக்கிழமை நான் திரும்ப வரேன்," என்றாள் கரீன். "நீ பேசினதுக்காக இல்ல. நேத்து என் பொண்ணு அறுந்த சங்கிலிய ஒட்டவச்சுப் போட்டுக்கிட்டா. சட்டைக்கு மேலேயே. அவ அப்பன் தபால் பெட்டிப் பேர்த் தகட்டத் திரும்ப மாட்டிட்டான், திட்டிக்கிட்டே. அவங்க ரெண்டு பேரும் அப்படி இருக்கும்போது நான் மட்டும் வீட்ல ஒளிஞ்சா நல்லா இருக்காது."

திரும்பப் போனவள் நின்றாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? எனக்கும் உன்னப் பாத்தாப் பொறாமை. ரொம்ப வருஷமா. நீ உன் முழுப் பேரையும் சத்தமாச் சொல்லலாம். ஓட்டலுக்குப் போனா எந்தப் பக்கம் கதவுன்னு பாக்காம உக்காரலாம். எங்கேயோ ஒரு நாட்ல குண்டு விழுந்தா உன்கிட்ட யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. உன் தாத்தா நேப்பிள்ஸ்லருந்து வந்து இறங்கினப்போ அவரையும் இந்த ஊர் நாய் மாதிரித்தான் நடத்துச்சுன்னு நீயே சொல்லியிருக்க. நான் பொறாமையில ஒரு நாளாவது 'இந்த இத்தாலிக்காரங்க'ன்னு பேசியிருக்கேனா?"

"இல்ல," என்றாள் கிஸ்லேன்.

"பொறாமை எல்லா மனுஷனுக்கும் வரும் கிஸ்லேன். அதுல தப்பில்ல. வந்தா 'எனக்குப் பொறாமை'ன்னு உன் பேர்லயே சொல்லு. ஒரு நாள் வெக்கப்பட்டா முடிஞ்சுரும். அதை ஒரு சனத்து மேல தூக்கிப் போடாத. நீ போட்டுட்டு மறந்துருவ. அந்தச் சனத்துப் பிள்ளைங்கதான் அதைச் சுமந்துக்கிட்டுத் தெருவுல நடக்கணும்."